கையெழுத்துக்கு விட்ட இடம்

அத்தியாயம் பதினெட்டு

கஜக்காரரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் விட்டுவிட்டு வந்து ஏழு நாளாகிறது. மாவுக்கட்டுப் போட்ட கால் நன்றாகத்தான் இருக்கிறது. கவலை அந்தக் காலைப் பற்றியல்ல, அவர் சொன்ன சேதியைப் பற்றி.

இந்த வாரம்தான் இந்தக் குடும்பத்துக்குள் நுழைகிறீர்கள் என்றால் இவ்வளவு தெரிந்தால் போதும். நம் வங்கித் தலைவர் ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. ஆனாலும் ஊர் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடுகிறது, நாமும் அப்படியே கூப்பிடுவோம். அவருக்கு உலகத்தில் இரண்டு பைத்தியம். ஒன்று, பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே அவர் கட்டிய துணை இல்லம். உள்ளே நோயாளி கிடக்க, வெளியே நடைபாதையில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு அங்கே கட்டில் உண்டு, வெந்நீர் உண்டு, துவைத்த போர்வை உண்டு. இன்னொரு பைத்தியம் கோல்ஃப். இருபத்திரண்டு வருஷமாக அவருக்குப் பை தூக்கி, "கொடி நூத்தி நாப்பது கஜம், ஐயா" என்று தூரம் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயரைச் சம்பாதித்தவர்தான் கஜக்காரர்.

அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். பழத்தோடு பார்க்கப் போனாள் தலைவரின் மனைவி. அவளிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டார்.

"அம்மா, ஐயாவுக்கு மூணு வருஷமா நடுப்பார்வை இல்லைங்க. ஓரத்துல தெரியும். நேரா பார்த்தா அழுக்குத் துணி மாதிரி மறைக்குதாம். டாக்டர் இருக்கிறதைக் காப்பாத்தலாம், போனது வராதுன்னுட்டாரு. பந்து எங்க விழுதுன்னு நான்தான் பார்த்துச் சொல்வேன். குழி எங்கன்னு கொடிக்கம்பால தட்டிக் காட்டுவேன். அந்தச் சத்தத்தை வெச்சுத்தான் அடிக்கிறாரு. நீங்களா கேக்காதீங்கம்மா, உடைஞ்சு போயிடுவாரு."

மூன்று வருஷம்! தினம் காலையில் பேப்பர் அவர் கையில் இருந்தது, பக்கம் திரும்பியது. பதவியின் கடைசி வருஷத்தில் எல்லாத் தாளையும் உதவியாளர் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு புது வழக்கம் கொண்டுவந்தார். என்ன நிர்வாகத் திறமை என்று எல்லோரும் மெச்சினார்கள். அவளும்தான் மெச்சினாள்.

முதலில் அவளுக்கு அழுகை வந்தது. பிறகு பொறாமை. ஆமாம், ஒரு பை தூக்கும் மனிதர் மேல் பொறாமை. மூன்று வருஷமாகத் தன் புருஷனின் கண்ணாக இருந்தது அவர், தான் இல்லை என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

அவள் கேட்கவில்லை. அவராகவே சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள். ஏழு நாள் போய்விட்டது.

*

இன்று ஞாயிற்றுக்கிழமை. துணை இல்லத்துக்காக வருஷம் ஒருமுறை நடக்கும் போட்டி. கான்வாஸ் ஷூவும் தொப்பியுமாக அவள் கூடத்தில் வந்து நின்றபோது தலைவர் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க கிளம்பிட்ட?"

"உங்க கூட."

"எதுக்கு?"

"பை தூக்க."

"பை என்ன கனம் தெரியுமா உனக்கு?"

"தள்ளுவண்டி குடுப்பாங்களாம். தள்ளிக்கிட்டே நடந்தா போதுமாம். கஜக்காரர் சொன்னார்."

அவர் கையுறையின் பட்டியை ஒட்டினார், பிரித்தார், மறுபடி ஒட்டினார்.

"வேற என்ன சொன்னார்?"

"வெயிலா இருக்கும், தொப்பி போட்டுக்கோங்கன்னார்."

முப்பத்து நான்கு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் கோல்ஃப் மைதானத்துக்குள் கால் வைத்ததில்லை. புதிதில் ஆசையாகக் கேட்டிருக்கிறாள். "அடுத்த ஞாயிறு கூட்டிட்டுப் போறேன்" என்பார். அப்படி எத்தனையோ அடுத்த ஞாயிறு வந்தது. சினிமாவுக்கு அடுத்த ஞாயிறு, தங்கை வீட்டுக்கு அடுத்த ஞாயிறு, சும்மா பால்கனியில் உட்கார்ந்து டீ குடிக்க அடுத்த ஞாயிறு. காலையில் மைதானம், மாலையில் இல்லம். குடிகாரனாக இருந்தால் ஊரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். தர்மம் செய்யப் போகிற மனிதனை யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

டிரைவர் மைதானத்து வாசலில் காரை நிறுத்தியதும், "கால் வலிச்சா சொல்லு, பாதில நிறுத்திக்கலாம்" என்றார்.

"நீங்க நிறுத்துவீங்களா?" என்று அவள் கேட்டாள். அவர் கார்க் கதவைச் சாத்திவிட்டு முன்னால் நடந்தார்.

*

தலைவரோடு ஜோடியாக ஆட வந்தவர், வங்கியில் அவருக்குப் பின் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் புதுத் தலைவர். நல்ல மனிதர், வாய்தான் ஓயாது.

"மேடமே பை தூக்க வந்தாச்சா! சார், உங்க அதிர்ஷ்டம் யாருக்கு வரும்? என் வீட்ல நான் கிளம்பினா கதவைச் சாத்தினா போதும்னு இருக்காங்க."

முதல் குழி. பந்து பறந்தது. அவள் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"இடது பக்கம், அந்தப் பெரிய மரத்துக்கு இந்தப் பக்கமா நிக்குது" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

அவர் தலையாட்டினார். அவ்வளவுதான்.

குழி இருக்கும் அந்த வழவழப்பான புல்வட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர் மட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அடிக்கவில்லை. அப்படியே நின்றார். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். கொடிக்கம்பைப் பிடித்து, குழிக்குள் இருக்கும் கிண்ணத்தில் மெதுவாகத் தட்டினாள். டொக். டொக்.

அவர் தோள் ஒரு கணம் விறைத்தது. மெல்லத் தலையை ஒருக்களித்தார். அடித்தார். பந்து உருண்டு போய்க் குழியில் விழுந்தது.

"பிரமாதம் சார்!" என்று கத்தினார் புதுத் தலைவர்.

அவள் குனிவதற்குள், குழிக்குள் கையை விட்டு எப்போதும்போல அவரே பந்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். இவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. இப்போதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள்.

"அடுத்தது வலப்பக்கம் திரும்பணும், பார்த்து வண்டியைத் தள்ளு" என்றார் அவர்.

*

ஒன்பது குழி முடிந்து டீக் கொட்டகைக்கு வந்தபோது மகன் அங்கே நின்றுகொண்டிருந்தான்.

லிஃப்ட் இன்ஜினியர். இல்லத்தில் மூன்று மாடிக்கும் சக்கர நாற்காலி போகும்படி லிஃப்ட் போட்டவன் அவன்தான். ஆறு மாதம், ஆபீஸ் முடிந்து வந்து நின்று வேலை பார்த்தான். திறப்பு விழாவில் கொத்தனார் முதல் குழாய் ரிப்பேர்காரர் வரை ஒருவர் விடாமல் நன்றி சொன்ன தலைவர், மகன் பெயரை மட்டும் சொல்லவில்லை. "வீட்டுப் பிள்ளைக்கு யாராவது மேடையில நன்றி சொல்வாங்களா?" என்றார் பிறகு. வீட்டுப் பிள்ளைக்கு வீட்டிலாவது சொல்லலாம் அல்லவா? அதையும் சொல்லவில்லை.

இப்போது அவனுக்குக் கடல் கடந்து வேலை கிடைத்திருக்கிறது. வருகிற வியாழக்கிழமை மனைவியையும், வீட்டில் எல்லோரும் பட்டாணி என்று கூப்பிடும் நாலு வயசு மகளையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறுகிறான். செய்தி சொன்னபோது தலைவர், "நல்ல வேலை. போயிட்டு வா" என்றதோடு சரி.

கொட்டகையின் மறுபக்கம் தலைவர் ஒவ்வொருவராகக் கை குலுக்கிக்கொண்டிருந்தார். எதிராளி வாய் திறந்து ஒரு வார்த்தை பேசிய பிறகுதான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்பதை அவள் இன்றைக்குத்தான் கவனித்தாள்.

"டேய்," என்றாள் மகனிடம், "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. உனக்கு நிஜமாவே போகணும்னு இருக்கா?"

அவன் டீயை ஊதிக்கொண்டே இருந்தான். அது ஆறிப் போய்க் கால் மணி நேரமாகியிருந்தது.

"அப்பா உன்கிட்ட சொல்லலையா?"

"எதை?"

"நான் குடுத்த தாளை."

"எந்தத் தாள்டா?"

"போன மாசம். வாயால கேக்க எனக்குத் தைரியம் வரலைம்மா. அவர் எதிர்ல உட்கார்ந்தா நான் இன்னும் எட்டாம் கிளாஸ்தான். அதனால எழுதினேன். ரெண்டு பக்கம். நம்ம வீட்ல எப்பவும் சொல்வியே, அப்பா ஒரு தாளை ஒழுங்கா படிக்கணும்னா கீழ கையெழுத்துக்கு இடம் விட்டுத்தான் குடுக்கணும்னு. நானும் அப்படியே ஒரு கோடு போட்டு இடம் விட்டேன்."

அது இந்த வீட்டின் பழைய ஜோக். பள்ளிக்கூடத்து முன்னேற்ற அறிக்கையைத் தவிர மகனின் எந்த நோட்டையும் அவர் பார்த்ததில்லை. அதையும் கையெழுத்து இருந்ததால்தான் பார்த்தார்.

"என்னடா எழுதின?"

"எனக்குப் போகணும்னு இல்லைப்பா, உங்க பக்கத்துல இருக்கத்தான் ஆசைன்னு எழுதினேன். எனக்காகவும் பட்டாணிக்காகவும் வாரத்துல ஒரு சாயங்காலம் ஒதுக்க முடியுமான்னு கேட்டேன். நான் போக வேண்டாம்னு நீங்க நினைச்சா கையெழுத்துப் போட வேண்டாம், தாளை அப்படியே திருப்பிக் குடுத்துடுங்க, இருந்துடறேன்னு முடிச்சேன்." அவன் டீக் குவளையைக் கீழே வைத்தான். "நான் எதிர்லயே நின்னேன்மா. தாளைக் கையில வெச்சு, மொத்தத்தையும் பார்த்தார். ரெண்டாம் பக்கம் திருப்பினார். பேனாவை எடுத்துப் போட்டுட்டார். ஒரு வார்த்தை பேசலை."

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் படிக்கவில்லை. படிக்க முடியாது. இந்தப் பிள்ளை வாழ்நாளில் முதல் தடவையாக மனசைத் திறந்து எழுதியதை ஒரு வெள்ளைத் தாளாகப் பார்த்து, அடியில் கையெழுத்தைப் போட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

வாய் வரை வந்துவிட்டது. அப்பாவுக்குக் கண் தெரியலைடா என்று மூன்று வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் முப்பது வருஷமாக அதே வேலையைத்தானே செய்துகொண்டிருக்கிறாள்? "அப்பா சந்தோஷப்பட்டார்டா" என்று இவனிடம், "பையன் உங்களைக் கேட்டுக்கிட்டே இருந்தான்" என்று அவரிடம். இருவருக்கும் நடுவில் தபால்காரியாக ஓடி ஓடி அலுத்துவிட்டது. இவளே சொல்லிவிட்டால் அவர் இன்னொரு முறை பேசாமலே தப்பித்துவிடுவார். இவனும் அம்மா பூசி மெழுகுகிறாள் என்று நினைப்பான்.

"இருடா. ஆட்டம் முடியட்டும். நீ எங்கேயும் போயிடாதே" என்றாள். பதினெட்டாவது குழி முடிவதற்குள் அவர் வாயைத் திறக்காவிட்டால், தானே பரிசளிப்பு மேடையில் மைக்கைப் பிடுங்கிச் சொல்லிவிடுவது என்றும் தீர்மானித்துக்கொண்டாள்.

*

பதினான்காவது குழியில் அது நடந்தது.

இரண்டு பேர் பந்தும் உயரமான புல்லுக்குள் போய் விழுந்தன. அவளுக்கு மனசு பாதி கொட்டகையிலேயே இருந்தது. புல்லை விலக்கித் தேடினாள். ஒரு பந்து கண்ணில் பட்டது.

"உங்க பந்து எப்படி இருக்கும்?" என்று காலையிலேயே கேட்டிருந்தாள். "வெள்ளையா இருக்கும்" என்று சிரித்து மழுப்பியிருந்தார். கஜக்காரரும் எல்லாவற்றையும் சொன்னவர் இதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

"இங்க இருக்கு" என்றாள்.

அவர் வந்தார், நின்றார், அடித்தார். நல்ல அடி.

பத்தடி தள்ளிக் குனிந்திருந்த புதுத் தலைவர் நிமிர்ந்தார். "சார்… இது என்னுது இல்லையே. என் பந்துல பச்சையா ஒரு வட்டம் போட்டிருப்பேன். இதுல என்னமோ சிவப்புல ரெண்டு சாய்ஞ்ச கோடு, நடுவுல புள்ளி."

அடுத்தவர் பந்தை அடிப்பது புதிதாக ஆட வருகிறவர்கள் செய்யும் தப்பு. முப்பது வருஷமாக ஆடுகிற மனிதர் குனிந்து குறியைப் பார்க்காமல் அடிக்க மாட்டார்.

"விடுங்க சார், யார் பார்த்தா? நாம மூணு பேர்தானே" என்றார் புதுத் தலைவர்.

"நான் பார்த்தேன்" என்றார் தலைவர். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். "அபராதமா ரெண்டு அடி கூட்டி எழுதுங்க. தப்பு என்னுது."

"கண்ணுல ஏதாவது…?"

"வெயில். சட்டுனு அடிச்சிடுச்சு."

வானம் காலையிலிருந்தே மூடிக்கொண்டுதான் இருந்தது. புதுத் தலைவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, மரியாதைக்குத் தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கையிலிருந்த பந்தை அவளிடம் கொடுத்துவிட்டுத் தன் பந்து போன பக்கம் தேடிப் போனார்.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தள்ளுவண்டியை அங்கேயே கவிழ்த்திருப்பாள். ஆனால் கையில் பந்து இருந்தது. இரண்டு சாய்ந்த கோடு. நடுவில் புள்ளி. சிவப்பு.

அது அவளுடைய குறி.

கல்யாணமான புதிதில், ஆறு குடும்பம் ஒரே மொட்டைமாடியில் துணி காயப்போட்ட வாடகை வீடு. அவர் அப்போது வங்கியில் பயிற்சி அலுவலர். இருந்த மூன்று வெள்ளைச் சட்டையும் பக்கத்து வீட்டுக்காரர் சட்டையோடு கலந்து கலந்து போகும். அதனால் காலருக்கு உள்பக்கம் சிவப்பு நூலால் அவள் ஒரு குறி தைத்தாள். இரண்டு கோடு, ஒரு புள்ளி. சொந்த வீடு வந்ததும் அதற்கு வேலையில்லாமல் போனது. அவளே மறந்துவிட்டாள்.

"இது எத்தனை நாளா போடறீங்க?"

அவர் பந்துக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"ஆரம்பத்துலேர்ந்தே. என்னுதுன்னு அடையாளம் தெரியணுமில்ல? எனக்குத் தெரிஞ்ச அடையாளம் அதுதான்." நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "இப்போ கஜக்காரர்தான் வரையறார்."

"எத்தனை பந்து தொலைச்சிருப்பீங்க?"

"அந்தக் குளத்தைத் தூர் வாரினா தெரியும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண் நிறைந்தது. இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தவளுக்கு, இங்கே தன் குறி பறந்துகொண்டிருந்தது தெரியாமலே போயிருக்கிறது. அதைச் சொல்ல இந்த மனிதருக்கு ஒரு வாய் இல்லையா?

பந்தை அவர் உள்ளங்கையில் வைத்தாள். இருவரும் நடந்தார்கள்.

"பையன் போன மாசம் ஒரு தாள் குடுத்தானே. அதுல என்ன எழுதியிருந்துது?"

"ஏதோ லிஃப்ட் விஷயம்."

"படிச்சீங்களா?"

"மழை வரும்போல இருக்கு" என்றார் அவர். பத்தடி நடந்த பிறகு, கேட்காமலே சொன்னார். "அவன் போறேன்னு ஆசைப்படறான். நான் எதுக்குக் குறுக்க நிக்கணும்?"

"ஆசைப்படறான்னு யார் சொன்னா?"

"வேண்டாம்னு அவன் ஒரு வார்த்தை சொல்லலையே." இன்னும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இருந்தா நல்லாத்தான் இருக்கும். பட்டாணி முகம் எனக்குச் சரியா… குரல் மட்டும்தான்…"

அவள் நின்றாள். சொல்லுங்க, சொல்லிடுங்க என்று உள்ளே ஒவ்வொரு அணுவும் கெஞ்சியது.

"சார், உங்க முறை!" என்று தூரத்திலிருந்து புதுத் தலைவர் கை ஆட்டினார்.

அவர் போய்விட்டார்.

*

ஆட்டம் முடிந்ததும் கூடாரத்துக்குள் மேஜை போட்டிருந்தார்கள். கோல்ஃபில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஆட்டத்தை இன்னொருவர் எழுதுவார். ஆடியவர் அதைச் சரிபார்த்து அடியில் கையெழுத்துப் போட வேண்டும். ஓர் எண் குறைத்து எழுதியிருந்து அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் நாள் முழுக்க ஆடியது செல்லாது.

புதுத் தலைவர் அட்டையை நீட்டினார். "நல்லா பார்த்துக்கோங்க சார். கூட்டல்ல நான் கொஞ்சம் சுமார்."

தலைவர் வாங்கினார். மூக்குக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். வீட்டில் பேப்பரைப் பிடிக்கும் அதே தூரம். அவர் உதடு மிக மெல்ல அசைவதை அவள் பார்த்தாள். அவர் படிக்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு மனிதன் ஓர் அட்டையைப் படிக்க எவ்வளவு நேரமாகுமோ அதுவரை எண்ணிக்கொண்டிருந்தார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மகன் நின்றிருந்தான். வெளியே மேடையில் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க அப்பாகிட்ட கத்துக்கணும் தம்பி," என்றார் புதுத் தலைவர். "பாருங்க, அட்டையைக்கூட என்ன கவனமா படிக்கிறார்."

"ஆமா சார்," என்றான் மகன். "அப்பா படிக்காம எதுலயும் கையெழுத்துப் போட மாட்டார். என்ன எழுதியிருந்தாலும் முழுசா படிப்பார். படிச்சிட்டு, ஒரு வார்த்தை பேசாம போட்டுடுவார்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் கடைசியில் குரல் உடைந்தது. முகத்தைப் பார்க்க முடியாத மனிதருக்குக் குரலில் எதுவும் தப்பாது.

எண்ணிக்கொண்டிருந்த உதடு நின்றது. அந்தத் தாள்ல என்ன எழுதியிருந்துது என்று மனைவி கேட்டதும், ஒரு வார்த்தை பேசாம என்று மகன் சொன்னதும் அவருக்குள் போய் ஒன்று சேர்ந்திருக்க வேண்டும். அட்டையை மேஜைமேல் வைத்தார்.

"இதை என்னால படிக்க முடியலை" என்றார்.

"கண்ணாடி வேணுமா சார்? என்னுது தரட்டுமா?"

"கண்ணாடி பிரயோஜனமில்லை. மூணு வருஷமா எனக்கு எழுத்து தெரியலை. எதிர்ல நிக்கிறவங்க முகம் தெரியலை." அவர் மனைவி நின்ற பக்கம் திரும்பினார். "நீ படி."

அவ்வளவுதான். ஏழு நாளாக, ஏழு நாள் என்ன, முப்பத்து நான்கு வருஷமாக அவள் காத்திருந்தது இந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் என்று தோன்றியது. மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒன்று முதல் பதினெட்டு வரை ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். பதினான்கை மட்டும் விரலை வைத்து இரண்டு முறை படித்தாள். கூட்டி எழுதிய இரண்டு அடி அங்கே சரியாக இருந்தது.

"எங்க போடணும்?" என்றார்.

கோட்டின் மேல் அவள் விரலை வைத்தாள். அவர் பேனா அந்த விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதன் பக்கத்தில் எழுதியது.

மகன் அசையாமல் நின்றான். "அப்பா… போன மாசம்…"

"அதையும்தான்டா." தலைவர் அவன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "நீ எதிர்ல நின்னுட்டு இருந்த. உன்கிட்ட தெரியலைன்னு சொல்ல வெட்கமா இருந்துது. ஒவ்வொரு பக்கத்துக்கும் முப்பது வரைக்கும் எண்ணிட்டுப் போட்டுட்டேன்."

"முப்பது வரைக்குமா?" என்றான் மகன்.

"பேங்க்ல அது செல்லும். நம்ம வீட்ல செல்லுமான்னு தெரியலை. அந்தத் தாள் எங்க?"

மகன் கை சட்டைப் பைக்குப் போனது. ஒரு மாதமாக அதைக் கூடவே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது.

"இப்போ படிச்சு என்னப்பா ஆகப்போகுது? வீட்டுச் சாவியைக் குடுத்தாச்சு. பட்டாணி ஸ்கூல்ல பேரை எடுத்தாச்சு. இங்க வேலையையும் விட்டாச்சு. அங்க கையெழுத்துப் போட்டாச்சு. நான் படிச்சுட்டுத்தான் போட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தை தலைவருக்கு எங்கே பட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் கையை நீட்டிக்கொண்டே இருந்தார்.

கூடாரத்துத் துணியை விலக்கி ஒருவர் எட்டிப் பார்த்தார். "சார், எல்லாரும் உட்கார்ந்தாச்சு. இல்லத்துலேர்ந்தும் வந்துட்டாங்க. உங்களைத்தான் மேடைக்கு…"

"காத்திருக்கச் சொல்லுங்க" என்றார் தலைவர்.

அந்த ஆள் நம்பாமல் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். புதுத் தலைவர், வாய் ஓயாத அந்த மனிதர், சத்தம் காட்டாமல் அவர் பின்னாலேயே வெளியேறினார்.

மகன் தாளைக் கொடுத்தான். அப்பாவிடம் இல்லை, அம்மாவிடம். கொடுத்துவிட்டுக் கூடாரத்தின் வாசல் பக்கமாக இரண்டடி நகர்ந்தான்.

"எங்க நிக்கிறான்?" என்று தலைவர் கேட்டார். "போயிட்டானா?"

அவள் மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து மேஜையோரம் நிறுத்தினாள். பேனாவைத் திருப்பிப் பிடித்து, அவன் நின்ற இடத்துக்கு நேரே மேஜையில் தட்டினாள். டொக். டொக்.

தலைவர் தலையை ஒருக்களித்தார். மெல்லத் திரும்பி, மகனுக்கு நேராக நின்றார்.

"படி," என்றார். "முதல்லேர்ந்து. மெதுவா."

இரண்டாம் பக்கத்தின் அடியில் அவருடைய கையெழுத்து, எப்போதும்போலக் கம்பீரமாக, மகன் போட்டிருந்த கோட்டுக்கு இரண்டு விரல் தள்ளிக் கோணலாகக் கிடந்தது. இதை எப்படி ஒரு மாதமாக இவன் கவனிக்காமல் இருந்தான் என்று நினைத்துக்கொண்டே அவள் முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். வியாழக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

"அன்புள்ள அப்பாவுக்கு" என்று ஆரம்பித்தாள்.